மூன்றாம் தசமம்

அமலோற்பவம் என்ற பெயர்
சோஹார் துறைமுக அலுவலகத்தின்
வருகைப் பதிவுக் கட்டத்துக்குள் நுழையவில்லை.
அமல் வரைக்கும் எடுத்துக்கொண்டு
மீதியை விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே ஸுவைனா சிரித்தாள்:
'அமல் என்றால் எங்கள் பேச்சில் நம்பிக்கை.
அதையே தொண்டை அடியிலிருந்து சொன்னால்
வேலை.'
என் தொண்டையில் சிக்கியது எது என்று
ஐந்து வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன்.

ஜூலைக் கணக்கை மூடும் வாரம்.
வங்கி ஒன்று சொல்கிறது, எங்கள் ஏடு ஒன்று சொல்கிறது.
நடுவில்
நாற்பத்தொரு ரியால்
முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பைசா.
கப்பல்கள் வந்துபோகும் ஊரில்
இதெல்லாம் ஒரு தொகையா?
செருப்புக்குள் கல்லும் சின்னதுதான்.

ஞாயிறு, பிஜோய் எழுந்து
'வங்கிக் கட்டணம்' என்றார். தலைகள் ஆடின.
திங்கள், 'டாலர் விலை.' ஆடின.
செவ்வாய், 'சர்வர் கோளாறு.'
மூன்று நாள், மூன்று காரணம்,
தேய்த்து மடித்த அதே குரல்.
பொய் சொல்வானேன்,
அந்தக் குரலை ஒரு நாளைக்கு
இரவல் கேட்கலாமா என்று நினைத்திருக்கிறேன்.

எனக்கோ திங்கள் இரவே தெரியும்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருக்க
எட்டாயிரத்துச் சொச்சம் வரிகளையும்
விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினேன்.
இந்த நாட்டு ரியாலுக்குப்
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
புது மென்பொருளுக்கு இரண்டுதான் பழக்கம்.
மூன்றாவதை
ஒவ்வொரு வரியிலும் சத்தமில்லாமல்
நறுக்கிப் போட்டிருந்தது.
கூட்டினேன்: முப்பத்தெட்டு ரியால் இருநூற்றைந்து.
மஞ்சள் தாளில் எழுதி
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிவைத்தேன்.
அங்கே ஏற்கெனவே பதினோரு தாள்கள்.
நான் கண்டுபிடித்தவை,
பிறகு வேறு யாரோ சொன்னவை.

புதன்கிழமைக் கூட்டம்.
'வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?'
துப்பட்டா நழுவியது. கையைத் தூக்கினேன்.
'சொல்லுங்கள், அமல்.'

துப்பட்டா என்று சொல்லியிருக்கலாம்.

பைசா, என்றேன். குரல் உடைந்தது.
இன்னொரு முறை, பைசா.
வெண்பலகையில் மூன்று பில்களை எழுதி
கடைசி இலக்கங்களை வட்டமிட்டேன்.
மார்க்கர் பாதியில் காய்ந்துவிட்டது.
பிஜோய்தான் தன்னுடையதை நீட்டினார்.

முப்பத்தெட்டு ரியால் இருநூற்றைந்து இப்படிப் போனது.
'மீதி மூன்று ரியால் நூற்றெண்பத்தாறு?'

அந்தக் கேள்விக்குப் பயந்துதானே
இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.
'தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.'
அறை இடியவில்லை.
மேலாளர் 'சரி' என்று எழுதிக்கொண்டார்.
வெளியே ஒரு கிரேன்
எதையோ தூக்கி எதன்மீதோ வைத்தது.

ஆகஸ்ட்டில் மதிப்பீட்டுப் படிவம்.
சிக்கல் தீர்க்கும் திறன், ஐந்துக்கு எத்தனை?
நான்கு. யோசிக்காமல் போட்டேன்.
தன்னம்பிக்கை?
வழக்கமாக இரண்டு.
போன வருடம் அதைப் பார்த்துத்தான்
'பணித்திறன்: சராசரி' என்று வந்தது;
அந்தப் பதினோரு தாள்களுக்குப் படிவத்தில் இடமில்லை.

இந்த முறை
மூன்று என்று தட்டி, புள்ளி வைத்து
ஒன்று, எட்டு, ஆறு.
'முழு எண் மட்டும்' என்று சிவப்பில் திட்டியது.

ஸுவைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
'வெட்டப் பார்க்கிறது, விடாதே' என்றாள்.

குறிப்புகள் என்ற கட்டத்தில்
என் முழுப்பெயரை எழுதினேன்.
அது ஏற்றுக்கொண்டது.
மூன்று ரியால் நூற்றெண்பத்தாறு
இன்னும் கிடைக்கவில்லை.